வாயை மூடிய கை

என் மகள் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். அந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவள் நான்தான். பன்னிரண்டு வயதில் அவள் வாய்விட்டுச் சிரிப்பாள். "பொம்பளப் புள்ள இப்படியா பல்லக் காட்டுவ?" என்று அதட்டினேன். அன்றிலிருந்து எப்போதும் கைதான். சேத்தியாத்தோப்பில் நடந்த ஒரு கல்யாணத்தில் என் நாத்தனார், "எவ்ளோ அடக்கமா வளத்திருக்கீங்க அண்ணி!" என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன ஆண்டு, பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த வாரம், அவள் மேலுதடு மூக்குவரை வீங்கியது. சிதம்பரத்தில் ஒரு பல் மருத்துவரிடம் ஓடினோம். நாற்காலியில் சாய்ந்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. மருத்துவர்தான் மெல்ல விலக்கினார். முன்பற்கள் இரண்டும் கறுத்து, ஈறோரம் சீழ் கட்டியிருந்தது. அந்த வாய்க்குள் நான் கடைசியாகப் பார்த்தது, அவளுக்குப் பால்பல் விழுந்த காலத்தில்.

"எத்தினி நாளா வலிக்குது?" என்று மருத்துவர் கேட்டார்.

"எட்டாவதுலேர்ந்து மேடம்."

"அம்மாகிட்ட சொல்லலியா?"

"மொதல்ல கறுப்பா ஒரு புள்ளிதான் இருந்துச்சி. கை வச்சிக்கினா யாருக்கும் தெரியல. அம்மாவும் அதான் நல்லாருக்குன்னு சொல்லிச்சி."

இரண்டையும் எடுக்க வேண்டியதாயிற்று. இப்போது கட்டிய பல் இருக்கிறது, நிஜம்போலவே. "கைய எடுத்துட்டு நல்லா சிரிம்மா" என்று கெஞ்சுகிறேன்.

அவள் எப்போதும் என் சொல்லைத் தட்டியதில்லை. கையை எடுத்துவிட்டாள். சிரிப்புதான் வரவில்லை.