மணி அடிக்காத வகுத்தல்

அறுபதுகளின் நடுவில், சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி அலுவலகத்தில் என்னைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். மதுரையில் கணிதம் படித்து, கணக்கு மெஷின் இயக்கவும் பயிற்சி பெற்றிருந்தேன். முதல் நாளே முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"மெஷின் வரட்டும். பிடிச்சா வாங்குவேன், வாங்குனா நீ இரு தாயி. இல்லைன்னா கையால போட நம்ம கணக்குப்பிள்ளையே போதும்."

ஆகவே மதுரையிலிருந்து விற்பனையாளர் மெஷினோடு வந்து இறங்கிய காலையில், அது நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று அவரைவிட அதிகம் விரும்பியவள் நான்தான்.

கையால் சுற்றும் மெஷின் அது. எண்ணை வைக்கச் சிறு நெம்புகோல்கள், விடை தெரியச் சன்னல்கள், பக்கத்தில் கைப்பிடி, உள்ளே ஒரு மணி. வகுத்தல் என்றால், பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைத் திரும்பத் திரும்பக் கழிக்கும். கழிக்க மிச்சமில்லாமல் போனதும் மணி அடிக்கும். அப்போது ஒரு சுற்று பின்னால் வந்தால் விடை நிற்கும்.

விற்பனையாளர் அழகழகான கணக்குகளாகப் போட்டுக் காட்டினார். எல்லாம் சரியாக வந்தன. முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சைக்கிள் வாங்கினால்கூட முதலில் பிரேக்கைப் பிடித்துப் பார்க்கிறவள் நான். மேலும், நாளை அந்த விடைகளுக்குக் கீழே கையெழுத்துப் போடப்போவது நான்.

"கொஞ்சம் தப்புக் கணக்குப் போட்டுப் பாக்கலாமா?" என்றேன்.

கணக்குப்பிள்ளை மூக்குப்பொடியைப் பாதி வழியில் நிறுத்தினார். "ஏத்தா, சரியா போடத்தான மெஷினு? தப்பாப் போட நான் இருக்கேன்ல!"

முதலாளியே சிரித்துவிட்டார். நான் தொடங்கினேன். முதலில், சிறிய எண்ணிலிருந்து பெரியதைக் கழித்தேன். சன்னல் முழுக்க ஒன்பதாக நிரம்பியது. கூடவே மணியும் அடித்தது. எச்சரிக்கை உண்டு, நல்லது. அடுத்து, சன்னல் கொள்ளாத அளவுக்குப் பெருக்கினேன். அதற்கும் மணி. மூன்றாவதாக, ஒரு எண்ணைச் சுன்னத்தால், அதாவது பூஜ்யத்தால், வகுக்கச் சொல்லி விற்பனையாளரிடம் கைப்பிடியைக் கொடுத்தேன்.

அவர் சுற்றினார். மணி இல்லை. இன்னும் சுற்றினார். சுற்றுகளை எண்ணும் சன்னல் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

"இப்ப அடிச்சிரும் பாருங்க."

"செக்குல மாட்டைப் பூட்டுன மாதிரியில்ல இருக்கு!" என்றார் கணக்குப்பிள்ளை. விற்பனையாளரின் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

முதலாளியின் சிரிப்பு போய்விட்டது. "முடிவு சொல்லத் தெரியாத மெஷினு நமக்கு எதுக்கு? கட்டி எடுத்துட்டுப் போங்க."

என் வேலையும் அதே பெட்டிக்குள் போவதை நான் பார்த்தேன். விற்பனையாளர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. அந்த நேரத்தில் கணக்குப்பிள்ளைதான், பாவம், மெஷினுக்குப் பரிந்து பேசினார்.

"விடுங்க முதலாளி. நம்ம கணக்குல சுன்னம் எங்க வருது? ஒரு பெட்டியும் ஒட்டாத மழை நாள்லகூட நான் சுன்னம் எழுதுறதில்ல. எழுதுனா விளங்குமா? அதுக்குப் பதிலா, லாபம்னு ஒண்ணாம் நம்பரைப் போட்டுருவேன்."

நான் நிமிர்ந்தேன். "அண்ணாச்சி, மழை அன்னைக்கும் பசை காய்ச்சுவாகளா?"

"விடியக்காலையிலயே காய்ச்சிருவாகளே. வெயில் இல்லைன்னா பெட்டி காயாது, ஒட்டவும் மாட்டாக. பசை வீணாத்தான் போகும்."

எங்கள் கம்பெனியில், ஒரு குரோஸுக்கு, அதாவது நூற்று நாற்பத்து நான்கு பெட்டிக்கு, எவ்வளவு பசை மாவு என்று தினமும் வகுத்து, மாதக் கடைசியில் அந்த விடைகளுக்குச் சராசரி எடுப்பது வழக்கம். மழை நாளின் மாவு எடையை மெஷினில் வைத்து, கணக்குப்பிள்ளையின் ஒன்றால் வகுத்தேன். சில சுற்றுகளிலேயே மணி கணீரென்று அடித்தது.

"பாருங்க முதலாளி. ஒரு அண்டா மாவும் ஒத்தக் குரோஸுக்குச் செலவுங்குது. மணியும் அடிச்சிருச்சு, யாருக்கும் சந்தேகம் வராது. சுன்னத்தை வச்சப்ப மெஷினு பொய் சொல்லலை. விடை இல்லாததுக்கு விடை இல்லைன்னுதான் சுத்திக்கிட்டே இருந்துச்சு. மழை நாளைச் சராசரியில சேக்காம, வீணான மாவைத் தனியா எழுதுனாப் போதும்."

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். மழைக்காலம் முழுக்க, மாவை அள்ளி இறைப்பதாகப் பசை காய்ச்சும் கொட்டகைப் பெண்களை அவர் ஏசிய ஏச்சு சாலை வரை கேட்கும்.

"அப்ப நான் அந்தப் பொம்பளைகள அம்புட்டுப் பேச்சு பேசுனது?"

"லாபம் நல்லாத்தான் வந்துச்சு, நான் போட்ட ஒண்ணுல" என்று முனகினார் கணக்குப்பிள்ளை.

முந்தைய மழை மாதத்தை அங்கேயே திரும்பப் போட்டேன். ஒன்றுகள் எல்லாம் விலகியதும் சராசரி வெயில் மாதத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. கொட்டகையில் யாரும் மாவை இறைக்கவில்லை.

மெஷின் அன்றே என் மேசைக்கு வந்தது. மீந்துபோன தீப்பெட்டி லேபிள் ஒன்றின் பின்புறம், 'வகுக்கும் எண் சுன்னமா என்று பார்த்துவிட்டுச் சுற்றவும்' என்று எழுதி மெஷினின் நெற்றியில் ஒட்டினேன். பசை கொடுத்தது கொட்டகைதான். செய்தி எனக்கு முன்னால் அங்கே போயிருந்தது. வயதான ஒருத்தி கை நிறைய அள்ளி நீட்டினாள்.

"நல்லா எடுத்துக்கத்தா. இனிமே எங்கள யாரு கேக்கப் போறா?"