வெள்ளைப் பெட்டி விற்ற தீபாவளி

எனக்கு முன்கோபம் அதிகம், நன்றி சொல்லும் பழக்கம் குறைவு. இரண்டும் என் மனைவி நிர்மலா சொல்லித் தெரிந்துகொண்டவை. அதனால் அஞ்சலாட்சி அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் பேனா கொஞ்சம் தயங்குகிறது. ஆனாலும் இந்த ஊரில் நான் கடமைப்பட்டவர்களில் முதல் ஆள் அவர்தான். அதை வாய்விட்டுச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

2008 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது புதுச்சேரி நேரு வீதியில் பக்கிரி முதலாளியின் எலக்ட்ரானிக்ஸ் கடையில் என்னைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். நான் முதலாளியின் ஆள் இல்லை. டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி செய்கிற ஒரு கம்பெனியின் ப்ரோமோட்டர், கடையில் நின்று அவர்கள் சரக்கை மட்டும் விற்றுத்தருகிறவன். கழுத்தில் ‘வெற்றிவேல்’ என்று அட்டை, மேலே கம்பெனி டி-ஷர்ட். எங்கள் பெட்டி வெள்ளை, எதிர்க் கம்பெனியின் பெட்டி கறுப்பு. தீபாவளிக்குள் முப்பது வெள்ளைப் பெட்டி விற்றால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். நிர்மலாவுக்கு அப்போது ஏழாம் மாதம். எனக்கு அந்த வேலை வேண்டும், அவ்வளவுதான்.

முப்பதை விற்றுத்தர ஒரு கால்பந்து கேம் வந்திருந்தது. வாசலில் ஆளுயர போஸ்டர் வைத்தோம். ஒருவன் பந்தை உதைக்கிறான், காலடியில் எங்கள் வெள்ளைப் பெட்டி. டிவி விளம்பரமும் வெள்ளைப் பெட்டியைக் காட்டித்தான் முடியும். பார்க்கிற யாருக்கும் அந்த கேம் எங்கள் பெட்டிக்கு மட்டுமே என்றுதான் தோன்றும். வேறு யாரையும் சொல்வானேன், எனக்கே அப்படித்தான் தோன்றியது. முதல் நாள் காலையில் கேம் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் அக்காவிடம் போய் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

அவர் அலமாரியிலிருந்து இரண்டு கேம் டிஸ்க் டப்பாக்களை எடுத்தார். அதே பந்து, அதே ஆள், அதே பெயர். மேல் ஓரத்தில் மட்டும் நிறம் வேறு. இரண்டையும் திருப்பி, எந்தப் பெட்டியில் ஓடும் என்று அச்சடித்திருந்த பின்பக்கத்தைக் காட்டினார்.

“அப்போ இது இன்னா தம்பி? கறுப்புக்கும்தான் வந்திருக்கு, ஒரே நாள்ல.”

மேனேஜருக்குப் போன் போட்டேன். அவர் சிரித்தார். விளம்பரத்தில் நம் பெட்டியை மட்டும் காட்ட கேம் செய்தவர்களுக்கு நம் கம்பெனி பணம் கொடுத்திருக்கிறது, நீ போஸ்டரைக் காட்டு, மற்றதைப் பேசாதே என்றார். நான் அசடு வழிந்தது போதாதென்று மேனேஜர்மேல் வந்த கோபத்தையும் அக்காவின் கணக்கிலேயே எழுதிக்கொண்டேன்.

அவர் அஞ்சலாட்சி, வீராம்பட்டினம். அம்மா பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவர். கணவர் சாமிக்கண்ணு கடலுக்குப் போகிறவர். சுனாமியில் படகு போனதும் அக்கா இந்தக் கடைக்கு வேலைக்கு வந்தார். கேம் என்றால் என்னவென்றே தெரியாதாம். சாப்பாட்டு நேரத்தில் டெமோ பெட்டியில் தட்டித் தட்டிப் பழகி, நான் வந்த சமயம் லாஸ்பேட்டை காலேஜ் பையன்களை ஐந்துக்குப் பூஜ்யம் தோற்கடித்துக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகி அவர் கோல் போடும்போது பையன்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

விற்பதில் மட்டும் அவருக்கு ஒரு வழக்கம். மீன்காரர்கள் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டிவிட்டுத்தானே விலை சொல்வார்கள்? அக்கா எந்த டப்பாவையும் திருப்பிக் காட்டாமல் கையில் கொடுக்க மாட்டார். “வூட்ல ஏற்கெனவே எந்தப் பெட்டி இருக்கு?” என்பதுதான் முதல் கேள்வி. கறுப்பு என்றால் கறுப்பு டப்பாவைத் திருப்பிக் காட்டி, “இது போதும், புதுப் பெட்டி எதுக்கு?” என்று அனுப்பிவிடுவார்.

புதுச்சேரியில் இது எனக்குப் பெரிய தலைவலி. இங்கே பாதிப் பேர் வீட்டில் பிரான்சிலிருந்து யாராவது கொண்டுவந்த கறுப்புப் பெட்டி இருந்தது. பாரிசில் மாமா, துலூசில் மச்சான், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா சித்தப்பா. விமானத்தில் பெட்டி வந்துவிடும். ஆனால் அது ‘பிரான்சு மெஷின்’, நம் ஊர் டிஸ்க் அதில் ஓடாது என்று ஊரே நம்பியது. உண்மையில் ஓடும். போஸ்டரும் இந்த நம்பிக்கையும் சேர்ந்து ஆட்களை என்னிடம் தள்ளிவிட்டன, அக்கா அவர்களைத் திருப்பி அனுப்பினார். முதல் ஆறு நாளில் நான் விற்றது ஆறு.

ஏழாம் நாள் காலையில் சீக்கிரம் வந்தேன். கறுப்பு டப்பாக்களை வாரி ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு, குடோனில் ஸ்டெபிலைசர்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். இனி போஸ்டர் சொல்வதுதான் கடையில் உண்மை.

பத்து மணிக்கு லாஸ்பேட்டையிலிருந்து செல்வகுமார் என்ற கிளார்க் மனைவியுடன் ஸ்கூட்டரில் வந்தார். வீட்டில் மச்சான் அனுப்பிய கறுப்பு இருக்கிறது, அதில் இந்த கேம் வராதா என்று கேட்டார்.

“வராது சார். போஸ்டரப் பாருங்க” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தார், காலி அலமாரியைப் பார்த்தார், உள்ளே போனார். ஸ்டெபிலைசர்கள் நகரும் சத்தம் கேட்டது. அட்டைப்பெட்டியோடு வந்து கவுண்டரில் வைத்து, ஒன்றை எடுத்துத் திருப்பி செல்வகுமாரிடம் காட்டினார். அவர் அதை வாங்கிக்கொண்டு, என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்.

சத்தம் கேட்டு முதலாளி வந்துவிட்டார்.

“விக்கிற சரக்க உள்ள ஒளிச்சு வெச்சது யாரு? கம்பெனிக்காரன் வேலைன்னா இந்த நிமிஷமே வெளிய போவட்டும்.”

என் கை கழுத்து அட்டையை டி-ஷர்ட்டுக்குள் தள்ளியது.

“நாந்தான் மொதலாளி” என்றார் அக்கா. “தொடச்சி அடுக்கலாம்னு எடுத்து வெச்சேன், மறந்துட்டேன்.”

“சீசன் நேரத்துல இப்படி மறந்தா எப்படி? நீ மாடிக்குப் போ, மிக்சி கிரைண்டர் பாரு.”

மூன்று வருடமாகத் தன் கையால் துடைத்து வைத்த அலமாரியை விட்டுவிட்டு அவர் படியேறினார். பின்னாலேயே ஓடினேன்.

“ஏங்க்கா அப்படிச் சொன்னீங்க?”

“உம் பொண்டாட்டிக்கு ஏழாம் மாசம்னு நீதான சொன்ன? போ, யாவாரத்தப் பாரு.”

பார்த்தேன். தடுக்க ஆள் இல்லை. போஸ்டரைப் பார்த்தவர்கள் வந்தார்கள், கேட்டார்கள், நான் தலையாட்டினேன். பத்து நாளில் என் கணக்கு இருபத்தெட்டு. விளம்பரம் ஆளை மாற்றுமா என்று யாராவது கேட்டால் நான் சத்தியம் செய்வேன், மாற்றும். வீட்டில் இருக்கிற நல்ல பெட்டியையே சந்தேகப்பட வைக்கும். ஆனால் அது வாசல்வரைதான் கூட்டிவருகிறது. உள்ளே வந்தவர்கள் எல்லாரும் கடைசியாக ஒரு மனுஷ முகத்தைப் பார்த்து, “நெஜமாவா?” என்று கேட்டார்கள். பாதிப் பேர், “அந்த அக்கா இல்லியா?” என்றும் கேட்டார்கள். மாடியில் மிக்சி ஓடும் ஒவ்வொரு தடவையும் எனக்கு உடம்பு கூசியது.

தீபாவளிக்கு நான்கு நாள். காத்தவராயன் என்று வில்லியனூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். கால் முறிந்து படுத்திருக்கும் தம்பிக்கு இந்த கேம் வேண்டும். பிரான்சு கறுப்புப் பெட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது.

“அதுல வராதுன்றாங்க, நெஜமா தம்பி?”

இருபத்தொன்பதாவது பெட்டி அவர்தான். வாயைத் திறந்தேன், பொய் வரவில்லை. கறுப்பு டப்பாவை எடுத்துத் திருப்பி, “வரும்ண்ணே, இதுவே போதும்” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாள் முழுக்க அந்தக் கை சூடாகவே இருந்தது.

அப்படியே முதலாளியிடம் போய், சரக்கை ஒளித்தது நான்தான், அக்கா இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. அட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார், அக்காவைக் கீழே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். இருபத்தெட்டோடு என் வேலை முடிந்தது. பயமாகத்தான் இருந்தது. நிர்மலாவிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆனாலும் பத்து நாளாக இறங்காத சோறு அன்று இறங்கும் என்று தெரிந்தது.

பையை எடுத்துக்கொண்டு வரும்போது படிக்கட்டில் அக்கா இறங்கிவந்தார். விஷயம் அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது.

“ரொம்ப நன்றிக்கா” என்றேன். என் வாழ்க்கையில் யாரும் சொல்லித்தராமல் நான் சொன்ன முதல் நன்றி அது.

அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை முறைத்தார். கண் மட்டும் கலங்கியிருந்தது.

“இந்தக் கடையில நான் சொன்னது ஒரே ஒரு பொய்யி. அதையும் வீணாக்கிட்டியே, பாவி.”