நான் எழுதிய வயது

குழந்தை செத்துப் பிறந்த அன்று ரத்தம் நிற்காததால் என் மனைவியின் கருப்பையையும் எடுத்துவிட்டார்கள். ஒரு வருடம் கழித்து சேலத்து டாக்டரம்மா, "சினைப்பை நல்லாயிருக்கு. உங்க ரெண்டு பேரோட கருவை வேற ஒருத்தர் சுமக்கலாம்" என்றார். கூலிக்கு ஆள் வைக்கச் சட்டம் விடாது. கல்யாணமாகி, பிள்ளை பெற்ற, முப்பத்தைந்து வயதைத் தாண்டாத ஒருத்தி தானாக மனம் வைத்து வர வேண்டும்.

மனைவி முதலில் வேண்டாமென்றாள். "இன்னொருத்தி வயித்துல கெடந்தது எங்கிட்ட ஒட்டுமாங்க?" பிறகு அவளே யார் வருவார்கள் என்று யோசிக்கத் தொடங்கினாள். அவள் தங்கை சுமந்தால் ஊர் அவளை எனக்கு இரண்டாம் தாரமாக்கிவிடும். மிச்சம் என் அக்கா.

அக்கா நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறாள். ஒரே மகன். எனக்கு நாக்கு எழவில்லை, மனைவிதான் கேட்டாள். கையிலிருந்த முட்டை அட்டையைக் கீழே வைக்காமலே, "பத்து மாசந்தானே, சொமந்து குடுத்துட்டுப் போறேன். ஊட்டுக்காரர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள் அக்கா.

அம்மாவுக்குத்தான் ஆகவில்லை. "உங்கல்யாணத்துல இணைச்சீருக்கு அவ எதுக்குடா உம் பக்கத்துல நின்னா? நாளைக்கு உம் புள்ளைய அவ பையனுக்குக் கேக்கத்தானே. அவ வயித்துலயே பொறந்தா ரெண்டும் அண்ணந் தங்கச்சி. தம்பி புள்ளைய அக்கா சொமக்கறதா? கேக்கறவன் காறித் துப்புவான்."

"பையனாப் பொறந்தா எம் பையனுக்கு ஒரு தொணை. நீ சும்மா இரும்மா" என்றாள் அக்கா.

அம்மா சொன்னது எனக்கும் தோன்றியிருந்தது. படித்தவன் என்பதால் வெளியே சொல்லவில்லை.

அனுமதிக்கான விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். அலுவலகத்தில் எழுத்தர் அக்காவின் ஆதாரைப் பார்த்துவிட்டு, "இவங்களுக்கு முப்பத்தெட்டு ஆகுதுங்களே" என்றார்.

"இல்லீங்க. முப்பத்திநாலுதானுங்க."

"அட்டையில அப்படி இல்லீங்களே. பிறப்புச் சான்று, பள்ளிக்கூடச் சான்று ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அக்கா வீட்டில் பிறந்தவள். பள்ளிக்கூடம் போகாதவள். எழுத்தர் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அந்த வயது எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆறாம் வகுப்பு படிக்கையில் ரேஷன் கார்டு விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். பதினெட்டு முடிந்தால்தான் நூல்மில்லில் சேர்ப்பார்கள் என்று அக்கா சொன்னாள். பதினைந்தைப் பத்தொன்பதாக எழுதினேன். அதற்குப் பின் வந்த அட்டைகள் எல்லாம் அதைப் பார்த்து எழுதியவை. அந்த மில்லுக்குப் போய்த்தான் அவள் என்னைப் படிக்க வைத்தாள்.

திரும்பும் பேருந்தில் அக்கா, "நீ என்ன பண்ணுவே சாமி, நாந்தானே எழுதச் சொன்னேன்" என்றாள். மனைவி சன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட அம்மா தட்டுகளை எடுத்து வைத்து, முதலில் அக்காவுக்குச் சோறு போட்டாள்.

"அத்தைக்கு நிம்மதி" என்றாள் மனைவி, என்னிடம் மட்டும். "உங்களுக்குமாங்க?"

இல்லை என்றேன். சொல்வதற்குள் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அவள் அதைக் கவனித்தாள்.