மை பூசாத பகடை

கொட்டாஞ்சேனை லவினாவுக்கு நாற்பத்திரண்டு வயது. பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. அதைச் சொல்லி யாராவது "ஐயோ பாவம்" என்றால் மூக்கின் மேல் கோபம் வந்துவிடும். கோட்டையில் ஒரு கந்தோரில் பதினெட்டு வருடமாக டெலிபோன் ஒப்பரேட்டர். "சேர் மீட்டிங்கில இருக்கிறார்" என்று நாளுக்கு ஐம்பது பொய் சொல்வாள். அந்தச் சேர் பக்கத்து அறையில் பணிஸ் தின்றுகொண்டிருப்பார். ஆகவே பொய் எப்படிக் கேட்கும் என்று அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போவாள். அங்கே ஸியாமின் பிளாட்டில் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை விளையாடுவார்கள். ஸியாம்தான் கதை சொல்பவன். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு குகை, கோட்டை என்று அலைவார்கள். ஆபத்து வந்தால் இருபது முகம் கொண்ட பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் தப்பலாம், சின்ன எண் விழுந்தால் ஆள் காலி.

லவினாவின் ஆள் 'சிலந்தி' என்ற திருடி. இரண்டு வருடமாகச் சிலந்திக்கு ஒரு கீறல்கூட இல்லை! கூட விளையாடும் மிதுனாவின் ஆட்களோ மூன்று மாதத்துக்கு ஒருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். உருட்டுவது லவினா, எண்ணை வாசிப்பது மற்றவர்கள். "பதினாறு, லவினாக்கா!" "அடேயப்பா, பத்தொன்பது!" அந்த எண்களுக்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சு கேட்கும். கந்தோரில் தானே விடுகிற மூச்சு அது. என்னை ஏமாற்றுகிறார்களா, அதுவும் இரக்கப்பட்டா? நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம் வந்தது. போனில் எண்ணை வாய்விட்டுச் சொல்லும் பகடையும் உண்டுதான். ஆனால் கிழமை முழுக்கப் போனோடு மாரடிப்பவளுக்கு ஞாயிறும் போனா? தன் கையால் உருட்டி, தன் விரலால் வாசிக்க வேண்டும் அவளுக்கு.

ஒரு சனிக்கிழமை காலி வீதியில், மேல்மாடியில் இருக்கும் றவூப்பின் விளையாட்டுச் சாமான் கடைக்குப் படியேறினாள்.

"இதைப் பாருங்க மிஸ், உள்ளுக்கு நீலமும் தங்கத்தூளும். வெளிச்சத்தில சும்மா மின்னும்," என்றார் றவூப்.

"மின்னட்டும். நம்பர் எங்க?"

"மேலதானே மிஸ், வெள்ளையில..." அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த பெட்டியைத் திறந்தார்.

இரும்புப் பகடை கைக்குக் கனமாக, குளிராக, ஆசையாக இருந்தது. ஆனால் எண்ணின் பள்ளத்தைப் பெயின்ட் நிரப்பி வழுவழுவென்று ஆக்கிவிட்டிருந்தது. மரத்தில் செய்தது எந்தப் பக்கம் தடவினாலும் மரமாகத்தான் இருந்தது. கல்லில் செய்ததன் எண்கள் மயிரிழைபோல் மெல்லியவை. றவூப்புக்கும் ரோசம் வந்துவிட்டது. தானும் கண்ணை மூடித் தடவி, "பதினாலு!" என்றார். திறந்து பார்த்தால் ஏழு.

"மிஸ், இன்னொண்டு இரிக்கி. காட்டத்தான் வெக்கம்." எங்கோ அடியிலிருந்து எதையோ இழுத்தெடுத்தார். "பழுதாப் போன சாமான். பெயின்ட் பூச மறந்துட்டானுகள். கறுப்பில கறுப்பு. வாங்கின ரெண்டு பேரும் நம்பர் தெரியல்லயெண்டு திருப்பித் தந்துட்டாங்க."

கைக்குள் அடங்கும் சின்னத் தேசிக்காய் அளவு இருந்தது. பள்ளிக்கூடத்தில் மர எண்களைத் தடவிப் பழகிய பெருவிரலை லவினா வைத்தாள். பள்ளம்! நல்ல ஆழமான, சுத்தமான பள்ளம். "எட்டு. பதின்மூண்டு. இது ஒம்பதில்ல, ஆறு, கீழ கோடு கிடக்கு." அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, றவூப் டோர்ச் அடித்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"சும்மா கொண்டு போங்க, மிஸ்."

"ஏன் தம்பி, எல்லாருக்கும் சும்மாவா குடுக்கிறீங்க?"

"அல்லாவே, இல்ல!"

"அப்ப விலையைச் சொல்லுங்க."

மறுநாள் மேசையில் அவள் பகடையைப் பற்றி மூச்சு விடவில்லை. சிலந்தி ஒரு பள்ளத்தாக்குக்கு மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தாள். லவினா தட்டுக்குள் உருட்டினாள். வழமைபோல், "என்ன விழுந்தது?" என்று கேட்டாள்.

"பதினெட்டு! தப்பிட்டீங்க லவினாக்கா!" என்றான் ஸியாம். மிதுனா கைகூடத் தட்டினாள்.

லவினா தட்டுக்குள் கைவிட்டுப் பகடையை அசையாமல் பிடித்து, மேல்முகத்தில் பெருவிரலை வைத்தாள்.

"இது ரெண்டு, ஸியாம்."

பகடையைத் தூக்கி அவன் பக்கம் நீட்டினாள்.

"இதில மையே இல்ல. கறுப்பில கறுப்பு. உங்களுக்கு நம்பரே தெரிஞ்சிருக்காது. பார்க்காமலே பதினெட்டா? எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"அக்கா... நீங்கள் கவலைப்படுவியள் எண்டு..." என்று மிதுனா இழுத்தாள்.

"கவலைப்பட வேணும் எண்டுதானே நானும் உருட்டுறன்! உங்கட ஆக்கள் செத்தா நீங்க கவலைப்படயில்லயா? எனக்கு மட்டும் என்ன, அந்தப் பாக்கியம் இல்லையா?"

ஸியாம் தன் கதைத் தாள்களைப் புரட்டினான். "ஸொறி அக்கா," என்றான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கதை சொல்லும் குரலுக்கு வந்தான். "கயிறு அறுந்து போகுது. சிலந்தி கையை நீட்டுறா, பிடிக்க ஒண்டும் இல்ல. கீழ பாறை." சிலந்தியின் சாவையும் அவனே சொன்னான். "மௌத்தாப் போயிட்டா."

லவினா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். இரண்டு வருடம் வளர்த்த பிள்ளையல்லவா சிலந்தி? அழுகையின் நடுவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்க அவள் முயலவில்லை.

மிதுனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆளைச் சாகக் கொடுத்தவர் அன்றைக்கு எல்லோருக்கும் ரோல்ஸ் வாங்கித் தரவேண்டும் என்பது அந்த மேசையின் சட்டம்.

"அக்கா, அழுது முடிஞ்சுதோ?" என்றாள் மிதுனா, தன் மூக்கையும் உறிஞ்சிக்கொண்டு. "முடிஞ்சா எழும்புங்கோ. எனக்கு ரெண்டு மீன் ரோல்ஸ்."