கெட்டியாகும் முன்னே

சின்ன விமானங்களைப் பழுதுபார்க்கும் அந்த ஷெட்டில் 'ஐஸ் அக்கா' என்று சொன்னால்தான் அவளைத் தெரியும். பேரைக் கேட்டு, மேலே இருப்பவர்களுக்கு ஐஸ் வைத்தே காலம் தள்ளுகிறவள் என்று நினைத்துவிடக் கூடாது. யாருக்கும் ஐஸ் வைக்கத் தெரியாத வாய் அது. ஒருமுறை ஃபோர்மேனையே நிறுத்தி, "இந்த ஆணியை அடிச்சது நீங்களா, இல்ல உங்க தூக்கமா?" என்று கேட்டவள். அவள் ஐஸ் வைத்ததெல்லாம் ஆணிகளுக்குத்தான்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் தரை கூட்டவும் தேநீர் போடவும் அங்கே வந்து சேர்ந்தாள். தேநீர் போடும் மூலையில் ஒரு ஃப்ரீசர் இருந்தது. அதில் பாலும் இல்லை, பழமும் இல்லை. தகர டப்பா நிறைய அலுமினிய ரிவெட் ஆணிகள்! விமானத்தின் தகடுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கும் குட்டை ஆணிகள், ஒவ்வொன்றும் மிளகு விதையைவிடக் கொஞ்சம் பெரிசு. ஆணியை எதற்கு ஐஸில் வைக்கிறார்கள், அதற்கென்ன காய்ச்சலா என்று கேட்டாள். "அதெல்லாம் உனக்கு எதுக்கு? தொடாதே" என்றார்கள். தொடாதே என்று சொன்னால் அவளுக்குக் கை அரிக்கும். அதே வாரம் இரண்டு ஆணிகளை எடுத்தாள். ஒன்றை அப்போதே கல்லில் வைத்துச் சுத்தியால் அடித்தாள். பிசைந்த மாவு மாதிரி மெத்தென்று பரந்தது. இன்னொன்றை ஜன்னலோரம் வைத்துவிட்டு மறுநாள் அடித்தாள். டங்கென்று சத்தம் போட்டு ஓரம் பிளந்துகொண்டது.

அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. யாரும் நெருப்பு வைக்கவில்லை, யாரும் தொடக்கூட இல்லை, சும்மா கிடந்தே ஒரு உலோகம் கெட்டியாகிவிட்டதே! ஆறு மாதம் ஆணிப் பெட்டியோடு வந்த காகிதங்களை எழுத்துக்கூட்டிப் படித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தாள். அது வெறும் அலுமினியம் இல்லை, கொஞ்சம் செம்பு கலந்தது. உலையில் காய்ச்சினால் வெந்நீரில் சர்க்கரை கரைவதுபோலச் செம்பு அதற்குள் கரைந்துவிடும். சட்டென்று தண்ணீரில் போட்டால் கரைந்த செம்பு தப்பிக்க வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்போது ஆணி மெத்தென்று இருக்கும். பிறகு மணிக்கணக்காகச் செம்பு உள்ளுக்குள் துளித்துளியாக ஒன்றுகூடும், உலோகம் இறுகும். குளிரில் அந்த வேலை ஏறக்குறைய நின்றுபோகும். அதற்குத்தான் ஃப்ரீசர். மெத்தென்று இருக்கும்போது அடித்துவிட வேண்டும். அடித்த இடத்திலேயே அது இறுகிக்கொண்டு, விமானம் உள்ளவரைக்கும் பிடி விடாது. வெளியே எடுத்தால் இருபது நிமிஷம்தான் கெடு.

தேநீர்க் கெட்டிலை வைத்துவிட்டு அவள் சுத்தியலைப் பிடித்த கதை நீளமானது. சுருக்கமாகச் சொன்னால், ஷெட்டில் அவளைப்போல ஆணி அடிக்க ஆள் இல்லை என்று ஆயிற்று. ஆனால் சீல் அவளிடம் இல்லை. முடிந்த வேலையின் காகிதத்தில் சீல் குத்துகிறவர்தான் அந்த வேலைக்குப் பொறுப்பு. அவள் அடித்த ஒவ்வொரு வரிசைக்கும் ஃபோர்மேன் தன் சீலைக் குத்துவார். அடிக்கிறவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவர் இன்னொருத்தர். இது அவளுக்குத் தொண்டையில் முள்ளாக உறுத்தியது. சீல் வேண்டுமென்றால் வருஷத்துக்கு ஒருமுறை வரும் பரிசோதகர் கண்முன்னால் வேலை செய்து காட்ட வேண்டும். வயது நாற்பதைத் தாண்டக் கூடாது. இரண்டு தடவை ஷெட்டே அவள் பேரை அனுப்பவில்லை. இந்த வருஷம் அனுப்பினார்கள். அவளுக்கு நாற்பது முடிய இன்னும் ஒரே மாதம். இதை விட்டால் அடுத்தது கிடையாது.

எதிர்ப்புறம் நிற்க நாத்தனார் இருந்தாள். கணவனின் தங்கை. முப்பத்தைந்து வயதாகியும் வீட்டுக்கு அவள் 'பாப்பா'தான். ஆணி அடிப்பது இரண்டு பேர் வேலை. தகட்டுக்கு இந்தப் பக்கம் காற்றுச் சுத்தியல், அந்தப் பக்கம் ஆணியின் வாலுக்கு முட்டுக்கொடுத்து ஓர் இரும்புக் கட்டி. வால் நசுங்கிப் பரந்தால்தான் பிடி. நடுவில் தகடு இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது, சத்தத்தில் பேச்சும் கேட்காது. வாலைப் பார்க்க முடிந்தவள் பாப்பாதான். அவள் கட்டியால் தட்டிச் சொல்லுவாள். ஒரு தட்டு, இன்னும் அடி. இரண்டு தட்டு, சரி. மூன்று தட்டு, ஆணி போச்சு. ஒன்பது வருஷமாக இப்படித்தான் ஓடியது. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டாங்கன்னு சும்மாவா சொன்னாங்க. எங்க அண்ணனைவிட உங்க சுத்திதான் அண்ணி எனக்குச் சோறு போடுது" என்பாள் பாப்பா.

பரிசோதகர் வந்த அன்று காலை பத்து மணிக்கு வேலை தொடங்கியது. வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானம் ஒன்றின் இறக்கையில் ஒட்டுத்தகடு. நாற்பத்தெட்டு ஆணிகள். மதியம் ஒரு மணிக்குள் முடிக்க வேண்டும். மூன்று மணி நேரம் தாராளம். "இதெல்லாம் எனக்கு ஜுஜுபி" என்று சொல்லிக்கொண்டே ஃப்ரீசரிலிருந்து டப்பாவை எடுத்தாள். டப்பா ஜில்லென்று இருந்தது. உள்ளே அறுபது ஆணிகள், அந்த அளவில் ஷெட்டில் இருந்த கடைசி டப்பா. பரிசோதகர் ஒல்லியான மனிதர், கழுத்தில் பூதக்கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு வாயே திறக்காமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

முதல் ஆணி. சுத்தியல் உறுமியது. அந்தப் பக்கம் இரண்டு தட்டு. இரண்டாவது, இரண்டு தட்டு. ஆனால் அவள் கைக்கு ஏதோ பிடிக்கவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் அடிக்க வேண்டியிருந்தது, சுத்தியல் துள்ளியது. பரீட்சை பயம்தான் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஐந்து, ஏழு, பத்து. பதினொன்றாவது ஆணியை அடித்துவிட்டுக் காத்திருந்தாள். பதில் இல்லை.

"என்னடி ஆச்சு?"

பரிசோதகர் ஸ்டூலிலிருந்து கழுத்தை நீட்டினார். பிறகு அந்தப் பக்கத்திலிருந்து, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு விட்டு, மூன்று தட்டு வந்தது.

ஐஸ் அக்கா சுத்தியலைக் கீழே வைத்தாள். சுற்றிப்போய்ப் பார்த்தாள். ஆணியின் வாலில் தலைமயிர் அளவுக்கு ஒரு விரிசல். மற்றதையும் தேடினாள். பாப்பாவின் கண்ணுக்குத் தப்பிய இன்னும் இரண்டில் அதே கோடு. பாப்பாவின் முகம் வெளுத்துக் கிடந்தது.

"பாப்பா, உண்மையைச் சொல்லு. டப்பாவை வெளிய எடுத்தியா?"

"நேத்து சாயங்காலமே எடுத்து வெச்சேன் அண்ணி. காலைல வந்து திரும்ப உள்ள வெச்சுட்டேன். ஜில்லுன்னு இருக்கணும்ல."

"எதுக்குடி எடுத்தே?"

"நீங்கதான எப்பவும் சொல்லுவீங்க, வெளிய இருந்தா கெட்டியாகும், கெட்டியாகும்னு. பரீட்சை ஆச்சே, நல்ல கெட்டி ஆணியா இருக்கட்டும்னு..."

ஐஸ் அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்றே தெரியவில்லை. உலகத்தில் நல்லதையெல்லாம் கெட்டி என்றுதான் சொல்கிறோம். கெட்டிக்காரி, கெட்டிச் சாயம், பிடி கெட்டி. இந்த ஆணிக்கு மட்டும் அடிப்பதற்கு முன்னால் கெட்டியானால் கெட்டது என்று பாப்பா எங்கே கண்டாள்? ஒன்பது வருஷமாக ஃப்ரீசரைத் தொடாதே என்று அதட்டியதுண்டு, ஏன் என்று ஒரு நாளாவது உட்கார வைத்துச் சொன்னதுண்டா? தன்னிடம் அப்படிச் சொன்னவர்கள்மேல் அவளுக்கு எவ்வளவு கோபம் வந்தது! அதே வேலையைத்தான் தானும் செய்திருக்கிறோம் என்று நினைக்கவே வெட்கமாக இருந்தது.

ஃபோர்மேன் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "மூணுலதான் விரிசல். மூணை மட்டும் மாத்திட்டுப் போயிட்டே இரு. மத்ததெல்லாம் பார்க்க நல்லாத்தான இருக்கு?"

பார்க்க நல்லாத்தான் இருந்தது. போன மாதம் இதே ஃபோர்மேன் அடித்த வரிசையில் ஒரு விரிசலைக் கண்டு முழு வரிசையையும் பிடுங்க வைத்தவள் அவள். அவர் உடைத்தால் பொன்குடம், நான் உடைத்தால் மண்குடமா? அவள் நேராகப் பரிசோதகரிடம் போனாள்.

"சார், இந்த டப்பா ஆணி எல்லாம் ராத்திரியே இறுகிப்போச்சு. அடிச்ச பதினொண்ணையும் பிடுங்கணும். மீதியை உலையில போட்டு மறுபடியும் மெதுவாக்கிட்டுத்தான் அடிக்க முடியும்."

பரிசோதகர் கடிகாரத்தைக் காட்டினார். மணி பத்து முப்பத்தைந்து. "நேரம் கூட்டித் தர மாட்டேன்" என்றார். அவர் பேசிய முதல் பேச்சே இதுதான்.

"நேரம் நான் கேட்கலையே சார்!"

அதற்குப் பிறகு ஷெட்டில் ஒருத்தருக்கும் கால் தரையில் பாவவில்லை. மின் உலையை முடுக்கினாள். ஐந்நூறு டிகிரிக்கு ஐந்து குறைவு, அதற்கு மேலே போனால் உலோகம் உள்ளுக்குள் உருகி ஒன்றுக்கும் ஆகாது, கீழே நின்றால் செம்பு கரையாது. உலையின் சூடு காட்டும் முள் ஏறும் வரைக்கும் பதினொரு ஆணிகளின் தலையையும் ட்ரில்லால் துளைத்துப் பிடுங்கினாள். ஓட்டை ஓர் இழை அகன்றாலும் தகடு வீண். அந்தப் பதினோராவது வெளியே வரும்வரை அவள் மூச்சே விடவில்லை. பதினொன்று இருபதுக்கு உலை சூடு பிடித்தது. மீதி ஆணிகளைக் கம்பிக் கூடையில் எண்ணிப் போட்டாள். நாற்பத்தொன்பது. வேண்டியது நாற்பத்தெட்டு. உபரி ஒன்றே ஒன்று.

நாற்பது நிமிஷம் உள்ளே வேக வேண்டும். உலைக் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு அவள் பாப்பாவிடம் பதினான்கு வருஷக் கதையைப் பத்தே நிமிஷத்தில் கொட்டினாள். செம்பு, சர்க்கரை, வெந்நீர், எல்லாம். பாப்பாவின் கண் விரிந்துகொண்டே போனது. "அப்போ உள்ள இப்ப செம்பு கரைஞ்சுட்டு இருக்கா அண்ணி? இப்பவேவா?" என்று உலைக் கதவையே பார்த்தாள். அந்த அவசரத்திலும் ஐஸ் அக்காவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த அதிசயத்தைப் பார்க்க இன்னொரு ஜோடிக் கண் கிடைத்துவிட்டதே!

"தள்ளு, தள்ளு!" கதவைத் திறந்ததும் கூடை இரண்டே எட்டில் தண்ணீர்த் தொட்டிக்குள் போனது. சுர்ரென்று ஒரு சத்தம். ஆணிகளைத் துடைத்து, பன்னிரண்டு வெளியே, மீதி ஃப்ரீசரில். உபரி ஆணியைக் கல்லில் வைத்தாள். ஃபோர்மேன் பதறினார். "இருக்கிறதே ஒண்ணு, அதையும் வீணாக்குறியே!" அவள் காதில் வாங்காமல் சுத்தியை இறக்கினாள். ஆணி சத்தமே போடாமல் வட்டமாகப் பரந்தது. ஓரத்தில் ஒரு பிளவும் இல்லை. இனி தவறினால் மாற்று ஆணி இல்லை என்பதை எல்லோரும் புரிந்துகொண்டார்கள்.

மணி பன்னிரண்டு ஐந்து. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பதை எவனோ இந்த ஆணியைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும். சுத்தியல் இப்போது துள்ளவில்லை, வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. இரண்டு தட்டு. இரண்டு தட்டு. பன்னிரண்டு முடிந்ததும் ஃபோர்மேனே ஓடிப்போய் ஃப்ரீசரிலிருந்து அடுத்த பன்னிரண்டைக் கொண்டுவந்தார், அவள் ஏவியபடி கதவை உடனே மூடிவிட்டு! இருபத்து நான்கு. முப்பத்தாறு. நாற்பதாவதில் ஒரே ஒரு தட்டு கேட்டு அவளுக்கு உயிர் போய் வந்தது. இன்னும் கொஞ்சம் அடித்தாள், இரண்டு தட்டு. நாற்பத்தெட்டாவது ஆணிக்குப் பிறகு பாப்பா இரண்டு தட்டோடு நிறுத்தாமல் தடதடவென்று தட்டித் தள்ளினாள். மணி பன்னிரண்டு ஐம்பத்தாறு.

பரிசோதகர் பூதக்கண்ணாடியோடு ஒவ்வொரு வாலையும் பார்த்தார். அது முடியப் பதினைந்து நிமிஷம் ஆனது. பிறகு தன் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்து அவள் கையில் வைத்தார். உள்ளே சீல். அவளுக்கென்றே ஒரு எண். ஷெட்டே கைதட்டியது, பாப்பா ஓவென்று அழுதாள், ஐஸ் அக்கா அழவில்லை, ஆனால் கை அந்தப் பெட்டியை விடவே இல்லை.

"இன்னும் ஒரு வேலை பாக்கி" என்றார் பரிசோதகர். பிடுங்கிப் போட்ட பதினொரு ஆணிகளுக்கும் சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும். எது கழிக்கப்பட்டது, என்ன காரணம், யார் பொறுப்பு என்று எழுதிச் சீல் குத்தினால்தான் அது கணக்கை விட்டுப் போகும். ஃபோர்மேன் தன் சட்டைப் பையில் கைவிட்டுத் தன் சீலைத் தேடினார். பரிசோதகர் தலையை ஆட்டினார். "கழிச்சவங்கதான் குத்தணும்."

அவள் சீட்டை மேஜைமேல் வைத்து எழுதினாள். ரிவெட் ஆணி, பதினொன்று. காரணம்: அடிக்கும் முன்னே கெட்டியாகிவிட்டது. பொறுப்பு என்ற இடத்தில் பேனா நின்றது.

"என் பேரை எழுதுங்க அண்ணி. நான்தான செஞ்சேன்."

அவள் தன் பேரை எழுதினாள்.

"ஐயோ, என்ன அண்ணி இது! பதினாலு வருஷம் காத்துக் கிடந்து வாங்கின சீலு. முதல்ல போயும் போயும் இதுலயா குத்துவீங்க? அதுவும் உங்க பேருக்கு நேரா?"

"சொல்லிக் கொடுக்காதது நான்தானடி" என்று சொல்லிவிட்டு அவள் சீலை மையில் ஒற்றி, கோணாமல் இருக்க இடது கையால் சீட்டைப் பிடித்துக்கொண்டு, அழுத்திக் குத்தினாள்.