பொம்மை பைக்குக்குப் போலி ஜரிகை

உள்ளங்கை அளவு பைக் மாடல் ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். கிட்டில் வந்த பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் ஆயில் போகும் குழாய், தாம்புக்கயிறு மாதிரி தடியாக இருந்தது. வெள்ளி நிற ஜரிகை வைத்தால் அச்சு அசலாக இருக்கும்.

பொம்மைக்கு எதற்கு நிஜ வெள்ளி? இன்று காலை ஜரிகைக் கடைக்குப் போய், "அண்ணா, டூப்ளிகேட் ஜரிகை கொஞ்சம் கிடைக்குமா?" என்றேன்.

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருப்பா உன்னை அனுப்புனது?"

"யாரும் அனுப்பலண்ணா. பைக்குக்கு பிரேக் ஹோஸ் செய்யணும்." போட்டோ காட்டப் போனை எடுத்தேன்.

"போனை உள்ள வை! வீடியோ எடுத்துக்கினு இருக்கியா? இங்க எல்லாம் அசலுதான்."

பையிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்து பைக்கையே காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துச் செயினைக் கண்ணி கண்ணியாகப் பார்த்தார்.

"நெஜமாவே பொம்மைதானா? மொதல்லயே சொல்லக்கூடாதாப்பா?" உள்ளே போய் ஒரு பெட்டியோடு வந்தார். "நாலு ஷேட் இருக்குது. எது வேணும்?"

ஹோஸ் பிரமாதமாக அமைந்துவிட்டது.

ஆனால் என் மாமனார் தன் மகளின் கல்யாணப் புடவையை நெய்தபோது ஜரிகை வாங்கியது இதே கடையில்தான். எந்தப் பெட்டியிலிருந்து என்று அவரிடம் எப்படிக் கேட்பது? கல்யாணமானவர்கள் யோசனை சொல்லுங்கள்.