வளையத்துக்குள் காணாமல் போன இரும்பு

"நட்சத்திரம் வெடிச்சு இரும்பு வந்துச்சு, சரி. அது இத்தனை லட்சம் ஒளியாண்டு தள்ளி எப்படிப் போச்சு?" சாப்பாட்டு மேசையில் சித்தி என்னிடம் இப்படிக் கேட்டாள். "நடந்து போயிருக்கும்" என்றார் சித்தப்பா. சித்தி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வானியல் அலுவலகம் ஒன்றின் இரண்டாவது மாடியில், பதினான்கு வருடமாக எக்ஸ்ரே படங்களை அளந்து அட்டவணை போடுவது அவள் வேலை. அந்த வாரம் வந்தது, நூற்றுக்கணக்கான விண்மீன் மண்டலங்கள் கூடிய ஒரு திரளின் படம். அவற்றுக்கு இடையே கொதிக்கும் வாயு, அதில் இரும்பு. நடு மண்டலத்துக் கருந்துளை தன்னைச் சுற்றிய வாயுவை வடக்கிலும் தெற்கிலும் தாரைகளாகச் சீறிப் பாய்ச்சுவது ரேடியோ படத்தில் பளிச்சென்று தெரிந்தது. இரும்பைத் தூக்கிக்கொண்டு போவது அந்தத் தாரைகள்தானோ என்று சித்திக்குச் சந்தேகம்.

பிரிவுத் தலைவரோ வழக்கம்போல் படத்தை வளையம் வளையமாக வெட்டச் சொல்லி, வளையத்துக்கு ஒரு சராசரி வாங்கினார். நடுவில் இரும்பு அதிகம், வெளியே போகப் போகச் சீராகக் குறைவு; எதுவும் அதைத் தூக்கிப் போன தடயம் இல்லை. "கருந்துளைக்கு இதில் பங்கில்லை" என்று கட்டுரையையும் எழுதி முடித்துவிட்டார். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். தன் அட்டவணையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பொய் ஊர் சுற்றப் போகிறதே என்று சித்தி தலைவரின் அறைக்குப் போனாள்.

"சார், குழாய் ஒரு பக்கமாத்தானே பீச்சும்? நீங்க தரை முழுக்கச் சராசரி எடுத்துட்டு ஈரமே இல்லைங்கறீங்க."

"எப்பவும் வட்டமாத்தாம்மா வெட்டுறோம்."

"எப்பவும் வெட்டினா சரியாயிடுமா சார்?"

"நீங்க அட்டவணையைப் பாருங்க. வானத்தை நான் பார்த்துக்கறேன்."

மறுநாளும் கேட்டாள். மறுநாளும் அதே வட்டம்.

வியாழக்கிழமை அவள் யாரையும் கேட்கவில்லை. படத்தை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று துண்டு போட்டாள். துண்டுக்குள் ஒளி போதாமல் அளவு தள்ளாடியது. பல்லைக் கடித்துக்கொண்டு, அதே திரளை முன்பு எடுத்த இரண்டு படங்களைக் கோப்பிலிருந்து தேடிச் சேர்த்து முதலிலிருந்து ஆரம்பித்தாள். மாலை நாலரைக்கு விடை வந்தது. கிழக்கிலும் மேற்கிலும் நின்றுபோன இரும்பு, வடக்கிலும் தெற்கிலும் இருமடங்கு தூரம் போயிருந்தது.

சித்தி அதை மேசையில் வைத்ததும் தலைவர் படித்தார். கட்டுரையின் கடைசிப் பத்தியைக் கோடு போட்டு அடித்தார். பிறகு நிமிர்ந்து, "இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்றார்.

சித்தி பையை மாட்டிக்கொண்டு பேருந்துக்குப் போய்விட்டாள்.

அடுத்த திரளுக்கும் முதலில் வளையம்தான் போடச் சொல்லியிருக்கிறாராம் தலைவர். ஆகவே படிப்பவர்களே, கருந்துளை எந்தப் பக்கம் பீய்ச்சுகிறதோ அந்தப் பக்கம்தான் இரும்பு போகும் என்று உங்களுக்குத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வையுங்கள். சித்தி ஒருத்தியே எத்தனை முறை சொல்வாள்?